வந்த வேலை முடிந்தால் போக வேண்டும்

மின்விசிறிக்குச் சுவிட்சைப் போடுகிறோம். விசிறி சுற்றவில்லை, மெல்ல முனகுகிறது. ஒட்டடைக் குச்சியால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினால் தயங்கித் தயங்கிச் சுற்ற ஆரம்பிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே சுற்றும். எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறும் முன்பே சொல்லிவிடுவார்: "கண்டென்சர் போயிடுச்சுங்க." இரண்டரை மைக்ரோஃபாரட் அளவுள்ள சின்னஞ்சிறு டப்பா. அதை மாற்றியதும் விசிறி பழையபடி ஓடும்.

இதே நோயின் பூதாகாரமான வடிவம் அமெரிக்க வீட்டுப் பட்டறைகளில் உண்டு. அங்கே ஆலைகள் மூடப்படும்போதும் எந்திரங்களைப் புதுப்பிக்கும்போதும் பழைய லேத்துகளும் மில்லிங் எந்திரங்களும் மலிவாக ஏலத்துக்கு வரும். 1938-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் எந்திரம் அவற்றில் பேர்போனது. இரும்பு வேலையில் ஆசை உள்ளவர் அதை வாங்கிக் கார் நிறுத்தும் கொட்டகையில் இறக்கிவைத்து, பெயர்ப்பலகையைப் படித்த பிறகுதான் சிக்கல் புரியும். மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. வீட்டுக்கு வருவதோ 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஒருமுனை மின்சாரம்.

இந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் ரோட்டரி பேஸ் கன்வெர்ட்டர். அதையும் பழையதாகவே வாங்குகிறவர்கள் பலர். கொண்டுவந்து இணைத்துப் பொத்தானை அழுத்தினால் அதே முனகல். ஆனால் இது 10 குதிரைத்திறன் மோட்டாரின் முனகல், கொட்டகையே அதிரும். சில நொடிகளில் பிரேக்கர் விழும். இங்கே ஒட்டடைக் குச்சி செல்லாது. என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் கை வைக்க முடியும்.

அம்மியும் ஆட்டுக்கல்லும்

அம்மியில் குழவி முன்னும் பின்னும் போகும். ஆட்டுக்கல்லில் குழவி வட்டமாகச் சுற்றும். ஒருமுனை மின்சாரத்துக்கும் மும்முனை மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஒருமுனை மின்சாரம் சுருளில் பாயும்போது எழும் காந்தப்புலம் ஒரே கோட்டில் வலுத்து, தேய்ந்து, திசை மாறி மறுபடி வலுக்கிறது. அம்மிக் குழவியைப் போல முன்னும் பின்னும் அலைகிறதே தவிர, சுற்றுவதில்லை. மும்முனை மோட்டாரில் மூன்று சுருள்கள் வட்டமாக அமர்ந்திருக்கின்றன. மூன்றிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல், சுற்றின் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுகிறது. காந்தப்புலத்தின் வலு சுருளிலிருந்து சுருளுக்குக் கைமாறிக்கொண்டே வட்டமடிக்கிறது. நடுவில் உள்ள ரோட்டார் அந்தப் புலத்தைத் துரத்தி ஓடுகிறது.

சுழலும் காந்தப்புலம் என்ற கருத்தை இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் 1885-இல் செய்து பார்த்தார், 1888-இல் வெளியிட்டார். அதே ஆண்டு மே 1-ஆம் தேதி நிக்கோலா டெஸ்லாவுக்கு அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன. மூன்று முனை, கூண்டு வடிவ ரோட்டார் என்று இன்றைய மோட்டாருக்கு 1889-இல் உருவம் கொடுத்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. 1891-இல் லௌஃபன் நகரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் பொருட்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தொலைவு மும்முனை மின்சாரம் கம்பியில் போய்ச் சேர்ந்தது. அதன்பின் உலகத்து ஆலைகள் பெரும்பாலும் மும்முனைக்கு மாறின. வீடுகள் பெரும்பாலும் ஒருமுனையில் நின்றன. இந்தப் பழைய பிரிவினையின் பலனைத்தான் நம் கொட்டகைக்காரர் இன்று அனுபவிக்கிறார்.

அப்படியானால் தள்ளிவிட்ட விசிறி எப்படி ஓடுகிறது? முன்னும் பின்னும் அலையும் புலத்தை, எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு சமமான புலங்களின் கூட்டாகக் கணக்கிடலாம். ரோட்டார் நிற்கும்போது இரண்டும் அதைச் சம வலுவோடு எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகின்றன. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. அதிர்வு உண்டு, அசைவு இல்லை. முனகலின் காரணம் இதுவே. யாராவது ஒரு பக்கம் சற்றுத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கத்துப் புலத்தின் பிடி ஓங்கிவிடும். பிறகு மோட்டார் தானாகவே வேகம் பிடிக்கும்.

சும்மா சுற்றுவதே வேலை

ரோட்டரி பேஸ் கன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே இருப்பது சாதாரண மும்முனை மோட்டார். தண்டில் பெல்ட் இல்லை, பல்சக்கரம் இல்லை. சும்மா சுற்றுவதுதான் அதன் வேலை.

வீட்டிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் மோட்டாரின் இரண்டு முனைகளுக்குப் போகின்றன. மூன்றாம் முனைக்கு வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. ரோட்டார் முழு வேகத்தில் சுற்றும்போது அதன் காந்தப்புலமும் கூடவே சுற்றி, மூன்றாம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சுருள் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி அமர்ந்திருப்பதால் மின்னழுத்தமும் அதே இடைவெளி விட்டுப் பிறக்கிறது. இல்லாத மூன்றாம் முனை இப்படித்தான் உருவாகிறது. இரண்டு கம்பிகளோடு இந்த மூன்றாவதையும் சேர்த்தால் லேத்துக்கு மும்முனை மின்சாரம் தயார்.

இது கொட்டகைக்காரர்களின் குறுக்குவழி மட்டுமல்ல. 1915-இல் அமெரிக்காவின் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வே, மேற்கு வெர்ஜீனியாவின் நிலக்கரி மலைப்பாதையில் ஓடவிட்ட மின்சார எஞ்சின்கள் மேலே ஒரே கம்பியில் 11,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம் வாங்கி, எஞ்சினுக்குள்ளேயே இப்படிப்பட்ட சுழல்கருவியால் மும்முனையாக்கி, மும்முனை மோட்டார்களை ஓட்டின.

நம் ஊருக்கும் இந்தச் சங்கதி புதிதல்ல. இந்தியக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் கண்டென்சர் வைத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டும் பழக்கமும், அதில் சுருள் கருகிய மோட்டார்களும் ரீவைண்டிங் கடைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான்.

கன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் கவலை இல்லை. தொடங்குவதுதான் பாடு. நிற்கிற மோட்டாரில் மூன்றாம் முனை செத்த முனை. முதல் தள்ளலை யாராவது கொடுத்தாக வேண்டும்.

ஒரு நொடி விருந்தாளி

அந்தத் தள்ளலைக் கொடுப்பதுதான் ஸ்டார்ட் சர்க்யூட். வீட்டுக் கம்பி ஒன்றிலிருந்து மூன்றாம் முனைக்கு ஒரு மின்தேக்கியை, அதாவது கண்டென்சரை, இணைக்கிறார்கள். மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்திக்கொண்டு ஓடும். அதனால் மூன்றாம் சுருளின் காந்தப்புலம் மற்றவற்றோடு ஒத்துத் துடிக்காமல் நேரம் பிசகித் துடிக்கிறது. அந்தப் பிசகு போதும். அம்மி ஆட்டுக்கல்லாக மாறிவிடும். சுழற்சி சீராக இராது, ஆனாலும் ரோட்டார் கிளம்பிவிடும்.

மின்தேக்கி வர வேண்டியது கிளம்பும் அந்த ஓரிரு நொடிக்கு மட்டும். பிறகு விலகிவிட வேண்டும். தொடக்கத்துக்குப் பயன்படும் மின்தேக்கி பெரும்பாலும் கறுப்பு நிற உருளை. உள்ளே அலுமினியத் தகடும் மின்பகு திரவம் ஊறிய காகிதமும் சுருட்டி வைத்திருக்கும். சிறிய உருவத்தில் பெரிய கொள்ளளவு கிடைக்கும். பதிலுக்கு, தொடர்ந்து ஓடும் தெம்பு கிடையாது. மூன்று நொடி வீதம் மணிக்கு 20 தடவை என்பது இவற்றுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு. 300 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக வைத்தால் சுமார் 27 ஆம்பியர் ஓடும். அதில் சிறு பங்கு வெப்பமானாலும் கையில் அடங்கும் டப்பா எத்தனை நேரம் தாங்கும்?

பக்கத்திலேயே வெள்ளி நிற உலோக டப்பாக்களும் இருக்கும். அவை ஓட்டத்துக்கான மின்தேக்கிகள். மூன்று முனைகளின் மின்னழுத்தத்தையும் சமமாக்க எப்போதும் இணைப்பில் இருப்பவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தொடக்க மின்தேக்கியை யார் விலக்குவது? நம் ஊர்ப் போர்வெல் மோட்டாரின் ஒருமுனை ஸ்டார்ட்டர் பெட்டி பலவற்றில் அந்த வேலையை விரல் செய்கிறது. பச்சைப் பொத்தானை மோட்டார் எடுக்கும்வரை அழுத்திப் பிடித்து, எடுத்ததும் விட்டுவிடுகிறோம். அழுத்தியிருக்கும் வரைதான் மின்தேக்கி இணைப்பில் இருக்கும். கன்வெர்ட்டரில் அந்த விரலின் இடத்தில் இருப்பது பொட்டென்ஷியல் ரிலே. சில கன்வெர்ட்டர்களில் டைமரும் கான்டாக்டரும் இருக்கும்.

இந்த ரிலேயின் தந்திரம் அழகானது. அதன் தொடுமுனைகள் இயல்பாகவே மூடியிருக்கும். பொத்தானை அழுத்தியதும் மின்தேக்கி உடனே இணைப்பில் இருக்கிறது. ரிலேயின் சுருள் மூன்றாம் முனையின் மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். ரோட்டார் வேகம் எடுக்க எடுக்க அந்த மின்னழுத்தம் ஏறும். குறித்த அளவைத் தொட்டதும் சுருள் இழுத்துத் தொடுமுனையைத் திறந்துவிடும், மின்தேக்கி வெளியேறும். மோட்டார் ஓடும்வரை சுருள் அதை வெளியிலேயே நிறுத்திவைக்கும்.

ஆகவே ஸ்டார்ட் சர்க்யூட் கெட்டுப்போவதில் இரண்டே வகை. வர வேண்டிய மின்தேக்கி வரவில்லை. அல்லது, போக வேண்டியது போகவில்லை. பழுது தேடுவது என்பது இந்த இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்பதுதான்.

கை வைக்கும் முன்

அமெரிக்க வீட்டின் 240 வோல்ட்டில் இரண்டு கம்பிகளுமே உயிருள்ளவை. ஒன்றைத் துண்டித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பிரேக்கரை இறக்கி, வேறு யாரும் ஏற்றிவிடாதபடி பூட்ட வேண்டும்.

அதோடு முடியவில்லை. 300 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் இணைப்பைத் துண்டித்த பிறகும் 17 ஜூல் அளவுக்கு ஆற்றல் தங்கியிருக்கலாம். இதுபோல் மூன்று சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. முனைகளுக்குக் குறுக்கே 15 கிலோ ஓம் அளவில் சிறு மின்தடை (வடிகால் தடை) பற்றவைத்திருந்தால் அரை நிமிடத்துக்குள் மின்னூட்டம் வடிந்துவிடும். ஆனால் பழைய பெட்டியில் அந்தத் தடை உடைந்திருக்கலாம், முந்தைய உரிமையாளர் கழற்றி எறிந்திருக்கலாம். எனவே நாமே ஒரு மின்தடையை வைத்து வடித்து, மீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை முனைகளில் வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் போலத் தெரியும். மின்தேக்கிக்கும் கண்ணுக்கும் கேடு.

இன்னொன்று: அமெரிக்கா 1979-இல் பிசிபி என்னும் நச்சு எண்ணெய்த் தயாரிப்பைத் தடைசெய்தது. அதற்கு முந்தைய உலோக டப்பா மின்தேக்கிகளில் அந்த எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. கசியும் பழைய டப்பாவை வெறுங்கையால் தொடக் கூடாது.

இனி மூடியைத் திறந்து கண்ணையும் மூக்கையும் வேலை வாங்கலாம். உப்பிய மின்தேக்கி, அதன் தலையில் பிதுங்கிய அடைப்பான், கருகிய நெடி, தளர்ந்த திருகு, தொடுமுனைகளுக்கு நடுவே குளவி கட்டிய கூடு. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த பெட்டியில் எதுவும் இருக்கலாம். மூடியின் உட்புறம் மின்சுற்றுப் படம் ஒட்டியிருந்தால் அது புதையல்.

வந்ததா?

லேத்தையும் மில்லிங் எந்திரத்தையும் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். முதலில் உள்ளே 240 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். நீளமான மெல்லிய வயரில் இணைத்திருந்தால், நிற்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும். இப்படிப்பட்ட மோட்டார் கிளம்பும்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். கோளாறு கன்வெர்ட்டரில் இல்லாமல் வயரிலேயே இருக்கலாம்.

அடுத்தது அனுபவஸ்தர்களின் சோதனை. மின்சாரம் இல்லாதபோது தண்டில் கயிற்றை முடிச்சுப் போடாமல் சுற்றி, இழுத்துச் சுழலவிட்டு, கயிறு முழுதும் கழன்ற பிறகு மின்சாரம் கொடுக்கிறார்கள். விசிறியை ஒட்டடைக் குச்சியால் தள்ளியதன் பெரிய அண்ணன் இது. மோட்டார் வேகம் பிடித்து அமைதியாக ஓடினால் சுருள்களும் பேரிங்கும் பெரும்பாலும் சரி. குற்றவாளி அநேகமாக ஸ்டார்ட் சர்க்யூட்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும், தளர்ந்த சட்டையோடு தண்டருகே நிற்பதும் விரலைப் பணயம் வைப்பது. திசையும் முக்கியம்: கன்வெர்ட்டர் தலைகீழாகச் சுற்றினால் முனைகளின் வரிசை மாறி, லேத்தும் தலைகீழாகச் சுற்றும்.

இப்போது கிளாம்ப் மீட்டரை எடுத்துத் தொடக்க மின்தேக்கிக்குப் போகும் கம்பியைச் சுற்றி மாட்ட வேண்டும். கம்பியை வெட்டாமல் மின்னோட்டத்தைச் சொல்லும் கருவி அது. பொத்தானை ஓரிரு நொடி அழுத்தி விடுங்கள். மீட்டரில் எதுவும் ஏறவில்லையென்றால் மின்தேக்கி வரவே இல்லை.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ரோட்டார் நிற்க, மின்தேக்கிப் பாதை அறுந்திருந்தால் மூன்றாம் முனை மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் நிற்கும். அந்த முனகல் நொடிகளில் அளந்தால் இரு பக்கமும் ஏறத்தாழ 120 வோல்ட் காட்டும். மின்தேக்கி வேலை செய்தால் இந்தச் சமநிலை குலைந்திருக்க வேண்டும்.

பாதை எங்கே அறுந்தது? மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளை வடித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி அளக்க வேண்டும். கூட்டமாக அளந்தால் செத்த ஒன்று மற்றவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். உடலில் 270–324 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் மின்தேக்கி 90 காட்டினால் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்துவிட்டது. மின்தேக்கிகள் சரியாக இருந்தால் அடுத்தது ரிலே. வழக்கமான பொட்டென்ஷியல் ரிலேயில் 1, 2 எண் முனைகளுக்கு இடையே தொடுமுனை. ஓய்வில் தடை ஏறத்தாழ சுழியம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் தொடுமுனை கருகியிருக்கிறது. அதுவும் சரியென்றால் மிச்சம் இருப்பவை கான்டாக்டர், டைமர், கிரிம்ப் செய்த முனைகள்.

போனதா?

மோட்டார் கிளம்பியது, ஆனால் மீட்டரில் மின்னோட்டம் சுழியத்துக்கு இறங்கவில்லை. உடனே நிறுத்துங்கள். மின்தேக்கி போக மறுக்கிறது. இன்னும் சிறிது நேரம் விட்டால் அடைப்பான் பிதுங்கித் திரவத்தைக் கக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரிலே செத்துவிட்டால் மின்தேக்கியும் வேலை செய்யாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த ரிலேயின் தொடுமுனை இயல்பில் மூடியது என்று பார்த்தோம். அதன் சுருள் அறுந்தால் திறக்க ஆள் இல்லை. மின்தேக்கி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 2, 5 எண் முனைகளுக்கு இடையே சுருளை அளந்தால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். மீட்டர் அளவுக்கு மீறிய தடையைக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது.

சுருள் நன்றாக இருந்தும் தொடுமுனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டியிருக்கலாம். வடிகால் தடை இல்லாத மின்தேக்கி, மிச்ச மின்னூட்டத்தோடு மறுபடி இணையும்போது ஒரு கணம் பாயும் பெரும் மின்னோட்டம் தொடுமுனையை உருக்கிவிடும். சில பைசாப் பொருளான அந்தத் தடையை அலட்சியமாக நினைக்கக் கூடாது.

மூன்றாவது காரணம்: ரிலே நல்ல ரிலே, ஆனால் இந்த மோட்டாருக்கானது அல்ல. இழுக்கும் அளவு மிக உயரமாக இருந்தால் மூன்றாம் முனையின் மின்னழுத்தம் அதைத் தொடவே தொடாது. மிகத் தாழ்வாக இருந்தால் மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே மின்தேக்கியை வெளியே தள்ளும், மோட்டார் தளரும், ரிலே திரும்ப விழும், மறுபடி இழுக்கும். படபடவென்று தந்தி அடிப்பதுபோன்ற சத்தம் கேட்டால் இதுதான். ரிலேயைப் படுக்கவைத்துப் பொருத்தியிருந்தாலும் இது நேரலாம். பல ரிலேக்களின் உள்ளுறுப்பு புவியீர்ப்பைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்டது, உடலில் மேல்பக்கம் எதுவென்று அம்புக்குறி இருக்கும்.

வெடித்தது ஒன்று, கெட்டது வேறொன்று

பழைய கன்வெர்ட்டரைத் திறந்ததும் கண்ணில் படுவது உப்பி வெடித்த மின்தேக்கி. கோளாறு அகப்பட்டது என்று புதிது வாங்கி மாட்டுகிறோம். மோட்டார் கம்பீரமாகக் கிளம்புகிறது. சில நிமிடங்களில் புதியதும் வெடிக்கிறது.

வெடித்த மின்தேக்கி பல சமயம் குற்றவாளி அல்ல, பலியானது. குற்றம், அதை வெளியே அனுப்பத் தவறிய ரிலேயில் இருக்கும். அந்த ரிலே கெட்டதற்குக் காரணம் உடைந்த வடிகால் தடையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சேதத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்குப் பின்னோக்கி நடக்கத் தெரிந்தவரே பழுது பார்ப்பவர். மற்றவர் உதிரிபாகம் மாற்றுபவர்.

ஆகவே பழைய கன்வெர்ட்டரில் தொடக்க மின்தேக்கி வெடித்திருந்தால், ரிலேயையும் வடிகால் தடையையும் அளக்காமல் புதியதை மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு, முதல் ஓட்டத்தில் கிளாம்ப் மீட்டரைக் கம்பியிலேயே விட்டுவையுங்கள். மோட்டார் கிளம்பியதும் ஊசி சுழியத்துக்கு இறங்கினால் மூடியை மூடலாம். இறங்கவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை.